கடல் புத்தகங்களில் கடல் வேலை எங்கே? தடைக்காலத்தில் படித்தவை பற்றி

தென்கடல் வாசகன் (மண்டபம்):

விசைப்படகுகள் கட்டிக் கிடக்கிற மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எனக்கு ஒழுங்காகப் படிக்க நேரம் கிடைக்கிறது. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுத அதிகம் இருக்காது. இந்த வருடம் கடல் சம்பந்தப்பட்ட புத்தகங்களாகவே எடுத்துப் படித்தேன். நாவலும் உண்டு, நாவல் அல்லாததும் உண்டு, சிலதை இரண்டாம் தடவையாகப் படித்தேன்.

மனதில் நின்றதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலை வைத்துக் கதை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் கடலைச் சாவுக்கு மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். காதல் தோற்றால் கடல், கடன் முற்றினால் கடல், கதையை முடிக்கத் தெரியாவிட்டால் ஒரு புயல். கடலுக்குப் போகிறவன் வேலைக்குப் போகிறான். டீசல் எவ்வளவு, ஐஸ் எத்தனை பார், எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தில் வலை விடுவது, நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, திரும்பி வந்தால் மீனை யார் எடுப்பார், படகு முதலாளியான சம்மாட்டிக்குப் போக மிச்சம் என்ன. இந்த வேலை எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ அதை நான் நம்புகிறேன், அதில் வரும் சாவும் அப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ (1952) பற்றிப் பேசும்போது எல்லோரும் விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 84 நாள் மீன் படாத கிழவன், பெரிய மீன், சுறாக்கள், கடைசியில் எலும்புக்கூடு, அது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்த இடம் வேறு. கிழவன் சாந்தியாகோ நாலு தூண்டில் இறக்குகிறான். ஒன்று 40 பாகம், அடுத்தது 75, அப்புறம் 100, அப்புறம் 125. கயிறு நேராக நிற்கும்படி படகைப் பிடித்துக்கொள்கிறான். இரை எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தனக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்பது அவன் கணக்கு. தினமும் சுறா ஈரல் எண்ணெய் குடிக்கிறான். பிடித்த சூரையைப் பச்சையாகத் தின்கிறான், உப்பு இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கிறான். இவ்வளவும் இருப்பதால்தான் அந்தக் கிழவன் தோற்று வரும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது.

தகழியின் ‘செம்மீன்’ (1956), சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில். செம்பன்குஞ்சு படகும் வலையும் வாங்க ஆசைப்படுவது, பரீக்குட்டியிடம் பணமும் சரக்கும் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல் இழுப்பது, படகு வந்ததும் ஆளே மாறிப்போவது, இந்தப் பகுதிகள் அபாரம். இங்கே ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் ஒரு செம்பன்குஞ்சு இருக்கிறான். ஆனால் பின்பாதியில் கரையில் இருக்கும் பெண்டாட்டியின் கற்புதான் கடலில் இருப்பவனின் உயிர் என்கிற நம்பிக்கை கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. கடைசியில் கடல் நீதிபதியாகி, செம்பன்குஞ்சுவின் மகள் கறுத்தம்மா, அவள் புருஷன் பழனி, அவள் காதலித்த பரீக்குட்டி என்று மூன்று பேரையும் தீர்த்துவிடுகிறது. அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. பழனி எவ்வளவு பெரிய தொழில்காரன், அவனை இப்படி ஒரு நம்பிக்கைக்குப் பலி கொடுத்திருக்க வேண்டாம்.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடிந்துவிடும். மணப்பாட்டுக் கதை. வல்லத்துக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் நடக்கும் பகை அப்படியே நம்ம நாட்டுப்படகு, விசைப்படகுப் பிரச்சினைதான். இருபது வரியில் சொல்லிவிட்டுப் போகும் இடங்களில்கூட கரை முழுக்கத் தெரிகிறது.

ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) பற்றி எனக்குக் கொஞ்சம் கலவையான அபிப்பிராயம். உவரியில் பிறந்த ஆள் எழுதியது, உள்ளிருந்து வந்த எழுத்து என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கட்டுமரம் கவிழ்ந்து நடுக்கடலில் தத்தளிக்கும் மூன்று பேருடைய அத்தியாயங்கள் இடையிடையே வரும்போதெல்லாம் மற்றதை ஓட்டிவிட்டு அதையே படிக்கலாமா என்று இருந்தது. முடிவைச் சொல்லப் போவதில்லை, படிக்காதவர்கள் படிக்க வேண்டும். கரையில் நடக்கும் கதையில் ஆட்கள் மிக அதிகம், தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள், சாகிறார்கள். ஒருவரோடு பழகுவதற்குள் அடக்கம் முடிந்துவிடுகிறது. ஆனாலும் தொழில் இவ்வளவு நெருக்கமாக வந்த வேறு தமிழ் நாவலை நான் படித்ததில்லை.

நீங்கள் எல்லோரும் என்ன நினைக்கிறீர்கள், குறிப்பாக நாவல் அல்லாத புத்தகங்களில் எதைப் படிக்கலாம்?

உச்சிப்புளி டீச்சர்:

தம்பி, செம்மீனைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த நம்பிக்கை கதையைத் தூக்கிக்கொண்டு போகிறது என்கிறீர்கள். அந்த நம்பிக்கை கறுத்தம்மாவின் வாழ்க்கையைத்தானே தூக்கிக்கொண்டு போகிறது? பழனியைத் தங்கள் படகில் ஏற்றிக்கொள்ள மற்றவர்கள் மறுப்பது ஏன்? அவன் பெண்டாட்டியைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சுதான். தொழில் தெரிந்தவனைத் தனியாகத் தூண்டிலோடு போக வைத்தது கடலம்மா இல்லை, கரையில் இருந்த வாய்கள். கடலில் ஒருவன் செத்தால் கரையில் இருப்பவள் மேல் பழி போடுகிற பழக்கம் ஆலப்புழையில் மட்டும் இருந்ததாக நினைக்கிறீர்களா?

இன்னொன்று. வேலை, வேலை என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் சொன்ன வேலையெல்லாம் படகில் ஏறிப் போகிறவனுடைய வேலை. செம்மீனில் செம்பன்குஞ்சுவின் பெண்டாட்டி சக்கி கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு கிழக்கே ஊர் ஊராகப் போய் மீன் விற்கிறாளே, அது உங்கள் கண்ணில் படவில்லையே. அவள் சேர்த்த காசு இல்லாமல் செம்பன்குஞ்சு படகு கனவாவது கண்டிருப்பானா?

‘கடல்புரத்தில்’ எனக்கு உயிர். நாயகி பிலோமியை அவள் காதலித்த சாமிதாஸ் விட்டுவிட்டு வேறு கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். வேறு யாராவது எழுதியிருந்தால் அவளைக் கடலில் தள்ளியிருப்பார்கள். வண்ணநிலவன் அவளை வாழ விட்டிருக்கிறார். அவளுக்கு எல்லார் மேலும் பிரியம் மிஞ்சுகிறது. என் மாணவிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கும் முதல் நாவல் அதுதான்.

கீழக்கரை காக்கா:

டீச்சர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தம்பி நாவல் அல்லாதது கேட்டதால் என் பங்கைச் சொல்கிறேன். கடல் வேலைதான் வேண்டும் என்றால் ஜேம்ஸ் ஹார்னலைப் படியுங்கள். மதராஸ் மீன்வளத் துறையில் இயக்குநராக இருந்த ஆள். 1914-இல் சங்கைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார், 1922-இல் மன்னார் வளைகுடா, பாக் நீரிணை முத்துக்குளிப்பைப் பற்றி இன்னொன்று. ஆங்கிலம்தான், பழைய அரசாங்க வெளியீடு, இணையத்தில் வருடிய பிரதி கிடைக்கிறது.

சங்குப் புத்தகத்தை நான் எங்கள் ஊர்க் கதையாகவே படித்தேன். கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து குளியாட்கள் சங்கு எடுப்பது, தரம் பிரிப்பது, புழு அரித்த சங்குக்கு விலை குறைவது, அங்கிருந்து வங்காளம் போவது, டாக்காவில் சங்கு அறுக்கிற சங்காரிகள் காலால் சங்கை அண்டக் கொடுத்துக்கொண்டு பிறை வடிவில் இருக்கும் கனமான ரம்பத்தால் வளையல் வளையலாக அறுப்பது, அதைக் கல்யாணமான பெண்கள் கையில் போட்டுக்கொள்வது. நம்ம கடலின் அடியில் கிடந்த ஒரு பொருள் யாரோ ஒரு பெண்ணின் கையில் போய் ஏறுகிற வழி முழுக்க அதில் இருக்கிறது. கொற்கையில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்ததையும் மதுரைக்காஞ்சியையும் சேர்த்து வைத்து, இந்தத் தொழில் ஒரு காலத்தில் நம்ம கரையிலேயே நடந்தது என்று அவர் காட்டும் பகுதியைப் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை.

ஆனால் ஒரு ஆத்திரமும் உண்டு. அத்தனை பக்கங்களில் சங்குக்கு அளவு இருக்கிறது, விலை இருக்கிறது, தரம் இருக்கிறது. குளித்தவன் பெயர் இல்லை. எங்கள் முப்பாட்டன் யாரோ அந்தக் கணக்கில் ஒரு தலையாக இருந்திருப்பார். தம்பி, நாவலில் வேலை இல்லை என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். வேலை முழுக்க இருக்கிற புத்தகத்தில் ஆள் இல்லை என்று நான் வருத்தப்படுகிறேன்.

தொண்டிக்காரன்:

காக்கா, அந்தக் கடைசி வரிக்கு ஒரு சலாம்.

குளியாட்களைச் சுறா கடிக்காமல் மந்திரத்தால் அதன் வாயைக் கட்டுகிறவர்களைப் பற்றி ஹார்னலில் வருகிறதா? மார்க்கோ போலோவில் படித்தேன்.

கீழக்கரை காக்கா:

வருகிறது. கடல்கட்டி என்று சொல்வார்கள். ஹார்னலுக்கு முன்னால் மதராஸ் மியூசியத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டனும் எழுதியிருக்கிறார். மார்க்கோ போலோ சொல்கிற கணக்கில் ராஜாவுக்குப் பத்தில் ஒன்று, சுறா வாயைக் கட்டுகிறவனுக்கு இருபதில் ஒன்று. ஏப்ரல் தொடங்கி மே பாதி வரை குளிப்பு என்கிறார். 1961-உடன் நம்ம பக்கம் முத்துக்குளிப்பு நின்றுபோனது வரை பருவம் ஏறக்குறைய அதுதான். அறுநூறு வருடத்துக்கு மேல் இந்த நடைமுறையில் எவ்வளவோ அப்படியே இருந்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

தென்கடல் வாசகன் (மண்டபம்):

டீச்சர், சக்கி விஷயம் முக்கியமானது. மீனை விற்றுக் காசாக்குவதும் கடல் வேலையில் பாதிதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. கற்பு விஷயத்தில் மட்டும் என் அபிப்பிராயம் மாறவில்லை. ஊர் வாய் பழனியைத் தனியாக அனுப்பியது வரை சரி. அவன் தனியாகப் போன அன்றைக்கே, அவள் பரீக்குட்டியைப் பார்த்த அதே ராத்திரியில் சுறா மாட்டுவதும் சுழி வருவதும் ஊர் வாயின் வேலை கிடையாது, ஆசிரியரின் வேலை. ஊர் நம்பியதைக் கதையும் மெய்யாக்கிவிடுகிறது. அங்கேதான் எனக்கும் நாவலுக்கும் சண்டை.

காக்கா, ஹார்னலை இறக்கிவிட்டேன். படித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலம் பழசாக இருந்தாலும் மனுஷன் ஒவ்வொன்றையும் நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறார்.

தொண்டிக்காரன்:

நான் இரண்டு நாவலும் ஒரு பயண நூலும் சொல்கிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972). அவர் பிறந்த சிங்கம்புணரி அப்போது ராமநாதபுரம் ஜில்லா, சிவகங்கை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985-இல்தானே, ஆகவே நம்ம ஜில்லாக்காரர் என்று நான் உரிமை கொண்டாடுவேன். இரண்டாம் உலகப்போர் காலத்து மெடான், பினாங்கு. பாண்டியன் மெடானிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்கிற சரக்குத் தோணியில் போகும்போது வருகிற புயலைப் படித்திருக்கிறீர்களா? வாக்கியங்களே உடைந்து, திரும்பத் திரும்ப வந்து, காற்றோடு காற்றாக ஓடும். தம்பி, கதையை முடிக்கத் தெரியாதவன் புயலைக் கொண்டு வருகிறான் என்றீர்களே, இங்கே புயல் வருகிறது, போகிறது, கதை முடிவதில்லை. புயலுக்கு அப்புறமும் வட்டிக்கடையும் கணக்கும் சண்டையும் காத்துக்கொண்டிருக்கின்றன. நம்ம கரையிலிருந்து கப்பலேறிப் போய்ச் சம்பாதித்து, அங்கே உட்கார்ந்துகொண்டு சின்னமங்கலத்துத் தெருவையும் மதுரையின் கடைகளையும் நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் எங்கள் தொண்டியில் வீட்டுக்கு வீடு உண்டு. இன்றைக்கு மெடானுக்குப் பதில் வளைகுடா, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஏக்கத்தை இவ்வளவு கறாராக, கண்ணீர் விடாமல் எழுதியவர் வேறு யாரையும் நான் படித்ததில்லை.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988). தேங்காப்பட்டணத்துக் கதை, இதில் படகு வேலை கொஞ்சம்தான். ஆனால் கடற்கரையில் ஒரு பெரிய வீடு எப்படி ஊரையே கையில் வைத்திருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளிக்கு எதிரில் சுறாப்பீலி விற்கிற மஹ்மூது பணியாமல் நிற்கிற இடம் எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று ஊரைத் திரட்டுகிற பகுதியைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்துப் பெரியவர்களோடு பேசினால் அவர்கள் சொல்கிற பழைய கதைகளும் ஏறக்குறைய அதேதான்.

பயண நூல் இபின் பதூதாவுடையது. 1340-களில் இலங்கையிலிருந்து, மாபார் என்று அரபிகள் அழைத்த நம்ம கரைக்கு வருகிறார், கரை பக்கத்தில் கப்பல் உடைகிறது, கூட இருந்தவர்களை முதலில் கட்டுமரத்தில் அனுப்பிவிட்டு ராத்திரி முழுக்க உடைந்த கப்பலில் கிடக்கிறார், காலையில் கரைக்காரர்கள் வந்து காப்பாற்றுகிறார்கள். அதற்கப்புறம் மதுரை சுல்தான் கியாசுத்தீனின் கொடுமைகளை நேரில் பார்த்து எழுதியதைப் படிக்கவே கை நடுங்கும். பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை மறைக்காமல் எழுதி, அந்தக் காரணத்தால் அல்லா அவனுக்குச் சீக்கிரம் முடிவு கொடுத்தான் என்கிறார். பட்டணம் என்று ஒரு துறைமுகத்தைச் சொல்கிறார். கடலுக்குள் தடித்த மரங்களை நட்டு அதன் மேல் பெரிய மரமண்டபம், அதற்குப் போகக் கூரை போட்ட மரப்பாதை. அந்தப் பட்டணம் நம்ம பெரியபட்டினம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். ஜப்பானிய வரலாற்று ஆய்வாளர் நொபொரு கராஷிமா அங்கே சீனப் பீங்கான் உடைசல்களை எடுத்தது 1980-களில். போன மாதம் பெரியபட்டினம் வழியாகப் போகும்போது பைக்கை நிறுத்திக் கடலைப் பார்த்தேன். இங்கே சீனக் கப்பல் நின்றது என்று எந்தப் பள்ளிக்கூடப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லையே என்று கோபம்தான் வந்தது.

உச்சிப்புளி டீச்சர்:

பெரியபட்டினம் பற்றி நான் வகுப்பில் சொல்கிறேன். பாடத்தில் இல்லாவிட்டாலும் சொல்லலாம்.

பாம்பன் பொண்ணு:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். மண்டபம் அண்ணன் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ஒட்டவே இல்லை. கடலைச் சாவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எழுத்தாளர்கள் மேல் குறை சொல்கிறீர்கள். எங்கள் தெருவில் கடலுக்கு ஆள் கொடுக்காத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் தனுஷ்கோடி ரயில் கடலோடு போனதை எங்கள் வீட்டில் இன்றும் மார்கழி வந்தால் பேசுவார்கள். பாம்பன் பாலத்தில் 126 தூண் இடைவெளிகளின் கர்டர்கள் போய்விட்டன, 46 நாளில் திரும்பப் பாலத்தைக் கட்டினார்கள், அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஸ்ரீதரனைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள், எழுத வேண்டியதுதான். ரயிலில் இருந்தவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எங்கே என்று நான் தேடுகிறேன். சாவைப் பற்றிப் போதுமான அளவு எழுதவில்லை என்பதுதான் என் கட்சி. சும்மா கதை முடிக்க எழுதுகிற சாவு வேறு, பெயர் சொல்லி எழுதுகிற சாவு வேறு.

அப்புறம் ‘அக்னிச் சிறகுகள்’ (1999) பற்றி யாரும் பேசவில்லை. ராமேஸ்வரம்காரர் அப்துல் கலாமின் புத்தகம், எல்லா வீட்டிலும் இருக்கிறது, பரிசாகக் கிடைத்தது அலமாரியில் நிற்கிறது. உண்மையில் படித்தவர்கள் எத்தனை பேரோ. ராக்கெட் பகுதிகள் எனக்கு நீளமாகத்தான் இருந்தன, ஆனால் முதல் அத்தியாயங்களுக்காக அந்தப் புத்தகத்தை நான் விடவே மாட்டேன். அவர் அத்தா விடியற்காலை நாலு மணிக்குத் தொழுதுவிட்டு நாலு மைல் நடந்து தென்னந்தோப்புக்குப் போய்த் தேங்காய்களைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவது. யாத்திரைக்காரர்களை தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போக அத்தாவும், பிற்பாடு கலாமின் அக்காவைக் கட்டிய ஜலாலுதீனும் சேர்ந்து கடற்கரையில் மரப்படகு கட்டுவது, விறகு நெருப்பின் சூட்டில் பலகையைப் பதப்படுத்துவது, சின்னப் பையன் பக்கத்தில் நின்று பார்ப்பது. அப்புறம் புயல் வந்து அந்தப் படகைக் கொண்டுபோய்விடுகிறது. அண்ணன் கேட்ட வேலையும் இருக்கிறது, நான் கேட்ட இழப்பும் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை, ஆனால் இருக்கிறது.

டீச்சர் சக்கியைச் சொன்னார்கள். எங்கள் பக்கம் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கப் போகிறார்களே, அவர்களை எந்த நாவலில் படித்தீர்கள்? கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் எடுக்கிறவர்கள். 1986-இல் தீவுகள் எல்லாம் தேசியப் பூங்காவானது, 21 தீவு, அதற்குப் பிறகு தீவுப் பக்கம் போனால் பிடிக்கிறார்கள். பவளப்பாறையைக் காக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பவளம் பற்றியும் ஆவுளியா என்கிற கடல்பசு பற்றியும் ஆய்வறிக்கை நிறைய வருகிறது, இந்தப் பெண்கள் அதில் ‘பாதிப்பை உண்டாக்குகிறவர்கள்’ என்று ஒரு பத்தியில் வந்து போகிறார்கள். கீழக்கரை காக்கா சொன்ன ஆத்திரம் நூறு வருடத்துக்கு முந்தைய புத்தகத்தைப் பற்றியது. எனக்கு இப்போது வருகிற அறிக்கைகள் மேலும் அதே ஆத்திரம் இருக்கிறது.

கீழக்கரை காக்கா:

தங்கச்சி, நீ சொன்னதை இரண்டு தடவை படித்தேன். நீயே எழுது.

பாம்பன் பொண்ணு:

எழுதலாம் காக்கா. முதலில் அவர்களோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். எங்கள் அம்மாச்சி பாசிக்குப் போனவர், அவரிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

வாலிநோக்கம் பிள்ளை:

உப்பளத்தைக் கடலாகக் கணக்கெடுப்பீர்களா? எடுக்கத்தான் வேண்டும். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ (1979) படியுங்கள். தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றியது, பொன்னாச்சி என்கிற பெண்ணின் கதை. அந்த அம்மா எழுதும் முன்னால் அந்தந்த இடத்துக்குப் போய்த் தங்கி, தொழிலாளிகளோடு பழகி எழுதுகிறவர் என்பது தெரிந்ததுதான், பக்கத்துக்குப் பக்கம் அது தெரிகிறது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் வெடிப்பது, வெயிலில் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் போவது, குடிக்க நல்ல தண்ணீருக்கு அல்லாடுவது, கணக்கப்பிள்ளையின் கை. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக அளத்து வேலை, படிக்கும்போது சில இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

குறையும் சொல்கிறேன். சில இடத்தில் ஆட்கள் மேடையில் பேசுவது போலப் பேசுகிறார்கள், பிற்பகுதியில் போராட்டத்துக்காகக் கதையை வளைத்தது தெரிகிறது. ஆனாலும் எங்கள் வேலையை ஒருத்தர் உட்கார்ந்து பார்த்தாரே, அந்த மரியாதைக்கு முன்னால் இந்தக் குறை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவருடைய ‘அலைவாய்க் கரையில்’ மீனவர்களைப் பற்றியது, அதையும் எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் தொடங்கவில்லை.

தென்கடல் வாசகன் (மண்டபம்):

எல்லோருக்கும் நன்றி. பாம்பன் தங்கச்சி, பெயர் சொல்லி எழுதுகிற சாவு என்று நீ சொன்னது என் கட்சியை உடைக்கவில்லை, பலப்படுத்துகிறது. ஒரு ஆளின் வேலையைச் சொல்லாமல் அவன் பெயரை மட்டும் சொன்னால் போதாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. அவன் எப்படிக் கயிறு பிடிப்பான், எதில் சமர்த்தன், யாரிடம் கடன் வைத்திருந்தான் என்று தெரிந்தால்தான் அவன் போனது எனக்கு இழப்பாகிறது. நீ தேடுகிற ரயில் புத்தகம் அப்படி எழுதப்பட வேண்டும்.

நான் இன்னொரு நாவல் அல்லாத புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தேன். ரேச்சல் கார்சனின் ‘நம்மைச் சூழ்ந்த கடல்’ (1951) ஆங்கிலத்தில் படித்தேன், அகராதி பக்கத்தில் வைத்துக்கொண்டு. அமெரிக்க மீன்வளத் துறையில் வேலை பார்த்த உயிரியல்காரர், பிற்பாடு பூச்சிமருந்து பற்றி எழுதி உலகப்புகழ் பெற்றவர். கடலடியில் கோடிக்கணக்கான வருடமாகத் தூசியும் ஓடுகளும் இறந்த உயிர்களும் மேலிருந்து விழுந்து படிந்துகொண்டே இருப்பதை ஒரு அத்தியாயம் முழுக்க எழுதுகிறார். அறிவியல்தான், ஆனால் கதையைவிட வேகமாகப் படிக்க முடிகிறது. ஓதம் ஏறுவதும் இறங்குவதும் ஒவ்வொரு கடலிலும் ஏன் வேறு வேறு மாதிரி இருக்கிறது, கடலின் தரை எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்துத் தண்ணீர் எப்படி ஆடுகிறது என்று விளக்குகிற இடத்தில் எனக்கு நம்ம இரண்டு கடலும் ஞாபகம் வந்தது.

இதைத்தான் கடைசியாகக் கேட்க நினைத்தேன். நம்ம கரையில் பிறந்தவனுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, ஆழம் குறைவு, சேறு. தெற்கே மன்னார் வளைகுடா, ஆழம், பாறை, தீவுகள். வடகிழக்குக் காற்றான வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் படுத்துக் கிடக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் தொடங்கினால் அப்படியே தலைகீழ். படகை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டு போவார்கள், ஆண்கடல், பெண்கடல் என்று பிரித்துப் பேசுவார்கள். எந்தக் கடலில் எப்போது போவது என்பதே இங்கே ஒரு படிப்பு. மணப்பாட்டுக்கும் உவரிக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் கிடைத்த அளவுக்குக் கனமான ஒரு நாவல் இந்த இரண்டு கடல் ஊர்களை வைத்து வந்து நான் படித்ததில்லை. எல்லைப் பிரச்சினை பற்றிச் செய்தி வருகிறது, கட்டுரை வருகிறது. இலங்கைச் சிறையில் இருக்கிறவன் வீட்டில் அன்றைக்குச் சாயங்காலம் என்ன சமைத்தார்கள் என்பதை நாவல்தான் சொல்ல முடியும். யாராவது அப்படி ஒன்றைப் படித்திருந்தால் பெயர் சொல்லுங்கள், நாளைக்கே வாங்குகிறேன்.

தொண்டிக்காரன்:

நாவலாக எனக்கும் தெரியவில்லை. கன்னியாகுமரிப் பக்கம் கிறிஸ்டோபர் ஆன்றணியின் ‘துறைவன்’ நல்ல தொழில் விவரத்தோடு இருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார், உங்களுக்குப் பிடிக்கலாம். வடகடலுக்கு என்று கேட்டால் கதைகளாக அங்கங்கே பத்திரிகைகளில் படித்திருக்கிறேன், தொகுப்பாகக் கையில் இல்லை.

உச்சிப்புளி டீச்சர்:

இலங்கைச் சிறையில் அப்பா இருந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் வீட்டில் நடப்பதை ஒளிக்காமல் எழுதுவார்கள். வட்டிக்காரன் வந்த நேரம், அம்மா நகையை எடுத்த பெட்டி, எல்லாம் இருக்கும். தம்பி கேட்கிற நாவலை அவர்களில் யாராவது எழுதுவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதுவரை அவர்களுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டியதைப் பேசலாம். என் அலமாரிக்கு ‘கடல்புரத்தில்’ மூன்று பிரதி வேண்டும், ‘கரிப்பு மணிகள்’ ஒன்று. யாரிடம் பழைய பிரதி இருந்தாலும் கொடுங்கள், அட்டை போட்டு வைத்துக்கொள்கிறேன்.

வாலிநோக்கம் பிள்ளை:

‘கரிப்பு மணிகள்’ என்னிடம் இரண்டு இருக்கிறது டீச்சர். சனிக்கிழமை ராமநாதபுரம் வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் கொடுத்துவிடுகிறேன்.

கீழக்கரை காக்கா:

ஹார்னலின் சங்குப் புத்தகத்தில் கீழக்கரை வருகிற பக்கங்களை நான் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாம்பன் தங்கச்சி, உன் அம்மாச்சியிடம் பேசும்போது சங்கு குளித்த ஆட்கள் யாரையாவது அவருக்குத் தெரியுமா என்றும் கேள். பெயர் கிடைத்தால் ஓரத்தில் எழுதிச் சேர்த்துவிடுவேன்.